மேற்கின் கலை வழி – 4: பெயர் பொறித்த குயவர்கள்

சென்ற பகுதியில் ஏதென்ஸின் சிற்பக்கூடங்களைப் பார்த்தோம். ஃபீடியாஸ், பிராக்ஸிடெலிஸ் என்று பெயர் சொல்லிப் பேசக்கூடிய கலைஞர்கள் அங்கே இருந்தார்கள். அடுத்து ரோம். ரோமானியக் கலை என்றதும் வாட்டிகனில் நிற்கும் அகஸ்டஸின் பளிங்குச் சிலையையும் பாம்பேயின் சுவரோவியங்களையும் காட்டித்தான் எல்லாப் புத்தகங்களும் தொடங்குகின்றன. நம் தொடர் நோணாங்குப்பத்தில் தொடங்கட்டும்.

செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி, புதுச்சேரிக்குத் தெற்கே கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு; அதன் கரையில்தான் நோணாங்குப்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் படகுத்துறையில் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் கூட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. வடக்குக் கிளை அரியாங்குப்பத்தாறு. நோணாங்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் வடக்கே வந்து, அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பி, காக்காயந்தோப்பு வழியாக வீராம்பட்டினம் போகும் பாதையில் சென்றால் அந்த ஆற்றின் தென்கரையில் ஒரு மேடு இருக்கிறது. அதுதான் அரிக்கமேடு. ஐரோப்பியக் கலை வரலாறு தன் முதல் அத்தியாயங்களில் பேசும் பொருள்கள், செய்தவரின் பெயர் முத்திரையோடு, தமிழ் மண்ணுக்கு அடியிலிருந்து வெளிவந்த இடம் அது.

அங்கே போனால் முதலில் கண்ணில் படுவது இடிந்து நிற்கும் செங்கல் சுவர். அதைப் பார்த்து ரோமானியர் கட்டியது என்று படம் எடுத்துக்கொள்பவர்கள் பலர். அது 18-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். சயாமிலிருந்தும் கம்போடியக் கரையிலிருந்தும் துரத்தப்பட்டு வந்த பிரெஞ்சு மிஷனரிகள், பிஞ்ஞோ தெ பெஹேன் என்ற பாதிரியாரின் தலைமையில் 1770-களில் நடத்திய குருமடத்தின் மிச்சம். ரோமைத் தேடுகிறவர் சுவரை விட்டுவிட்டுக் காலடி மண்ணைப் பார்க்க வேண்டும்.

அந்த மண்ணை உள்ளூர்க்காரர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1734-லேயே, வீராம்பட்டினத்து மக்கள் பெரிய பெரிய பழைய செங்கற்களைப் பெயர்த்தெடுத்துப் போகிறார்கள் என்று பிரெஞ்சு அதிகாரி ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். 1769-இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காகவே புதுச்சேரி வந்து, அன்று காலை மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன வானியலாளர் லெ ழாந்தி, இந்தப் பக்கத்துப் பழைய கட்டட மிச்சங்களைக் குறித்துச் சென்றார். பிறகு நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை.

1937-இல் புதுச்சேரியில் இருந்த ழூவோ துப்ரேயிடம் சிறு கற்களும் மணிகளும் வந்து சேர்ந்தன. பல்லவர் கலையைப் பற்றி எழுதிய அறிஞர் அவர்; மேட்டில் மழைக்குப் பிறகு பொறுக்கியவற்றைக் கொண்டுவந்தவர்கள் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள். அந்தக் கற்களில் ஒன்றில் ஓர் ஆணின் தலை பள்ளமாகச் செதுக்கப்பட்டிருந்தது. ரோமப் பேரரசர் அகஸ்டஸின் முகம் என்று துப்ரேய் அடையாளம் கண்டார்.

இங்கே சற்று நின்று அகஸ்டஸின் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ரோமானியக் கலையின் பாதிக் கதை அந்த ஒரு முகத்தில் இருக்கிறது. கி.மு. 27-இல் ஆட்சியைத் தன் கைக்குள் கொண்டுவந்த அகஸ்டஸ், எழுபத்தைந்து வயதில் இறந்தபோதும் அவருடைய சிலைகளுக்கு வயதாகவில்லை. எந்தச் சிற்பி எங்கே செதுக்கினாலும் அதே இளைஞன், அதே நெற்றிமுடி. பேரரசு முழுவதும் ஒரே முகம் பரவ வேண்டும் என்று திட்டமிட்டே செய்த வேலை. அதைச் சுமந்து சென்றவை சிலைகள் மட்டுமல்ல. நாணயங்களும் முத்திரைக் கற்களும்கூட. தமிழகத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளி நாணயங்களில் அகஸ்டஸும் அவருக்குப் பின் வந்த டைபீரியஸுமே மிகுதி. அகஸ்டஸ் முதலில் ஸ்பிங்க்ஸ் உருவம் பொறித்த கல்லையும், பிறகு அலெக்சாண்டரின் தலை பொறித்ததையும், கடைசியில் தன் முகத்தையே பொறித்ததையும் முத்திரையாகப் பயன்படுத்தினார். அந்தக் கடைசிக் கல்லைச் செதுக்கியவரின் பெயர் நமக்குத் தெரியும்: டியாஸ்கோரிடிஸ். பழைய ரோமானிய நூலாசிரியர்கள் பெயர் சொல்லிப் புகழ்ந்த மணிச்செதுக்குக் கலைஞர் அவர். இன்று வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கும் அகஸ்டஸின் பெரிய அடுக்குக்கல் புடைப்புச் சிற்பத்தை அவருடையதாகவோ அவருடைய பட்டறையினதாகவோ கருதுகிறவர்கள் உண்டு. அரிக்கமேட்டுக் கல்லை டியாஸ்கோரிடிஸ் தொட்டார் என்று நான் சொல்லவில்லை. அவர் வகுத்த முகம் இந்த ஆற்றங்கரை வரை வந்தது என்பதே எனக்குப் போதும்.

அதே மேட்டில் கிடைத்த இன்னொரு கல் என்னை அதைவிட ஈர்க்கிறது. படிகக்கல் ஒன்றில் சிறகுள்ள காதல் தேவன் சிறுவன் ஒருவனும் ஒரு பறவையும். கிரேக்க ரோமானியக் கலையில் எத்தனையோ முறை வந்த உருவம்தான். ஆனால் இந்தக் கல்லின் ஓரம் இன்னும் சீர்செய்யப்படவில்லை. மோதிரத்தில் பதிக்கும் நிலைக்கு அது வரவில்லை. வேலை முடியாத பொருளை யாரும் கடல் கடந்து விற்கக் கொண்டுவர மாட்டார்கள். ஆகவே இதைச் செதுக்கிய கை இங்கேயே இருந்திருக்கலாம். மேற்கிலிருந்து வந்த ஒருவருடைய கையா, அவரிடம் பார்த்துக் கற்ற நம்மூர்க்காரர் ஒருவருடைய கையா? கல் வேலைக்கும் கண்ணாடி மணிக்கும் பேர்போன ஊர் அரிக்கமேடு. படிகம், கார்னீலியன், அகேட் எல்லாவற்றையும் அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளின் கழிவு அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தது. இரண்டாவது சாத்தியத்தை ஒதுக்கித் தள்ள எந்தக் காரணமும் இல்லை.

1941-லிருந்து ஃபோஷோ பாதிரியாரும் சுர்லோவும் அந்த மேட்டில் தோண்டினார்கள். கிடைத்தவற்றில் சில புதுச்சேரியில் தங்கின, சில சென்னைக்குப் போயின, சில வியட்நாமில் ஹனோய் வரை போயின. சென்னைக்குப் போனதில்தான் அடுத்த கதை இருக்கிறது. 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமைப் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஓர் அலமாரியில் மண் ஜாடி ஒன்றின் கழுத்தும் கைப்பிடியுமான துண்டைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் திராட்சை மது நிரப்பிக் கப்பலேற்றிய ஆம்போரா ஜாடி. எங்கிருந்து வந்தது என்று கேட்டு, புதுச்சேரிக்குப் போனார். அங்கே நூலகத்தில் வைத்திருந்த பொருள்களுக்கிடையே சிவந்து பளபளக்கும் சில ஓடுகள். இத்தாலியின் டஸ்கனிப் பகுதியில், அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்தவை. பிரிட்டனில் ரோமானியக் கோட்டைகளைத் தோண்டிப் பழகிய வீலருக்கு அந்தச் சிவப்பைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

ஏன் அவ்வளவு பரபரப்பு? அரெஸ்ஸோ ஓடு எப்போது செய்யப்பட்டது என்பது தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூடுபிடித்த தொழில், கி.பி. 50-ஐ ஒட்டி மங்கிவிட்டது. ஆகவே அந்த ஓடு எந்த மண்ணடுக்கில் கிடக்கிறதோ அந்த அடுக்குக்குக் காலம் சொல்லிவிடலாம். அதனோடு கிடக்கும் உள்ளூர்ப் பானைக்கும் சொல்லிவிடலாம். அதே வகைப் பானை கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ கிடைத்தால் அங்கேயும் சொல்லிவிடலாம். அதுவரை தென்னிந்தியத் தொல்லியலில் ஆண்டு சொல்ல உறுதியான பிடி எதுவும் இல்லை. 1945-இல் பிரெஞ்சு அரசின் அனுமதியோடு வீலர் அரிக்கமேட்டில் தோண்டினார். குழிகள் கடல் மட்டத்துக்குக் கீழே இறங்கின. ஊறிவந்த தண்ணீரை இறைத்துக்கொண்டே வேலை நடந்தது. அடுத்த ஆண்டே அறிக்கை வெளியாயிற்று. ஓர் இத்தாலியச் சிற்றூரின் சாப்பாட்டுத் தட்டு, தென்னிந்தியா முழுமைக்கும் காலக்கணக்கு வைத்துக் கொடுத்தது.

அந்தத் தட்டை அருகில் வைத்துப் பார்ப்போம். வெள்ளிப் பாத்திரம் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு வெள்ளிப் பாத்திரத்தின் வடிவத்தை மண்ணில் கொடுக்க வேண்டும் என்பது அரெஸ்ஸோ குயவர்களின் நோக்கம். விளிம்புகள் கூர்மையாக, உலோகத்தில் அடித்ததுபோல் இருக்கும். நன்றாக வடிகட்டிய களிமண்ணில் வனைந்து, அதே மண்ணின் மிக நுண்ணிய துகள் மட்டும் மிதக்கும் குழம்பில் முக்கியெடுத்து, காய்ந்தபின் சூளையில் காற்று தாராளமாகப் புகும்படி விட்டுச் சுடுவார்கள். மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து சிவக்கும். மேல்பூச்சு இறுகிப் பளபளக்கும். கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது.

சித்திரம் வேண்டுமென்றால் வேலை இன்னும் நுட்பமானது. முதலில் கெட்டியான கிண்ணம் ஒன்றை வனைவார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, நாட்டியமாடும் பெண், திராட்சைக் கொடி, வேட்டைக்காரன், எலும்புக்கூடு என்று தனித்தனிச் சிறு முத்திரைகளை அதன் உட்பக்கத்தில் அழுத்தி உருவங்களைப் பள்ளமாக்குவார்கள். அதைச் சுட்டால் அச்சு தயார். அச்சைச் சக்கரத்தில் வைத்து, உள்ளே களிமண்ணைப் போட்டு வனைந்தால் புதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் அத்தனை உருவமும் புடைத்து நிற்கும். மண் காயும்போது சுருங்கும் என்பதால் கிண்ணம் அச்சிலிருந்து தானே கழன்றுவரும். இந்த வகையில் முதலிடம் மார்க்கஸ் பெரென்னியஸின் பட்டறைக்கு. அங்கே செய்த சில கிண்ணங்களை அக்காலத்துச் சிற்பத்தில் மிகச் சிறந்தவற்றோடு வைத்துப் பார்க்க நான் தயங்க மாட்டேன்.

செய்தவர் தம் பெயரைப் பாத்திரத்தில் முத்திரையாகப் பதித்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். பெரும்பாலும் உட்புறத்து நடுவில், செவ்வகக் கட்டத்துக்குள். பிற்காலத்தில் குட்டிப் பாதச் சுவட்டின் வடிவத்துக்குள். இந்தப் பெயர்களில் பலவும் அடிமைகளுடையவை. டைக்ரானஸ், பர்காத்தஸ், நிகேஃபோரஸ் என்று கிரேக்க, கீழைநாட்டுப் பெயர்கள். பெரென்னியஸின் பட்டறை முத்திரைகளை வரிசைப்படுத்தினால், டைக்ரானஸ் ஒரு கட்டத்தில் மார்க்கஸ் பெரென்னியஸ் டைக்ரானஸ் ஆகிவிடுவது தெரிகிறது. விடுதலையான அடிமை, எஜமானின் குடும்பப் பெயரைத் தன் பெயருக்கு முன் சூடிக்கொள்வது ரோமானிய வழக்கம். ஒரு மனிதனின் விடுதலை ஒரு பாத்திரத்தில் பதிவாகியிருக்கிறது. வேறெந்த ஆவணமும் அவனைப் பற்றி நமக்கு இல்லை.

அரிக்கமேட்டு ஓடுகளில் பெரும்பாலானவை சித்திரம் இல்லாத தட்டும் கோப்பையும்தான். ஆனால் முத்திரைகள் வந்தன. விபி, கமூரி, இத்தா என்று வாசித்தார்கள். கமூரியஸ் அரெஸ்ஸோவில் பட்டறை வைத்திருந்தவர். அவருடைய முத்திரை ஐரோப்பாவிலும் கிடைக்கிறது. அந்தப் பட்டறையில் யாரோ சுட்டெடுத்த தட்டு, இத்தாலியத் துறைமுகம், அலெக்சாண்டிரியா, நைல் நதி, பாலைவனத்து ஒட்டகப் பாதை, செங்கடல், பருவக்காற்று எல்லாம் தாண்டி அரியாங்குப்பத்தாற்றங்கரையில் உடைந்திருக்கிறது. எரித்திரியக் கடல் பயணக் குறிப்பு நூல் பொதுகே என்று சொல்லும் துறைமுகம் இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிற்கால ஆய்வில் இந்தச் சிவப்பு ஓடுகள் அனைத்தும் அரெஸ்ஸோவில் பிறந்தவை அல்ல, இத்தாலியின் வேறு ஊர்களிலும் கீழை மத்தியதரைக் கரையிலும் செய்தவையும் கலந்திருக்கின்றன என்று தெரிந்தது.

இனி, அரெஸ்ஸோவின் மறுபக்கம். ஐரோப்பியக் கலை வரலாறு என்ற துறைக்கே தகப்பன் என்று கருதப்படும் ஜியார்ஜியோ வசாரி 1511-இல் பிறந்தது அதே அரெஸ்ஸோவில். ஜோத்தோவிலிருந்து லியனார்டோ, ரஃபேல், மைக்கேலாஞ்சலோ வரை நாம் இன்றைக்கும் சொல்லும் பெயர் வரிசையை, கலைஞர்களின் வாழ்க்கை வரலாறாக 1550-இல் முதலில் அடுக்கியவர் அவர். ஃபிளாரன்ஸில் இன்று உலகமே போய்ப் பார்க்கும் உஃபிஸி கட்டடத்தை வடிவமைத்தவரும் அவரே. வசாரியின் குடும்பம் குயவர் குடும்பம். அவருடைய பாட்டனார், இன்னொரு ஜியார்ஜியோ, அரெஸ்ஸோவைச் சுற்றிப் பழைய சூளைகளைத் தேடித் தோண்டி, அந்தச் சிவப்புப் பாத்திரத்தின் செய்முறையைத் திரும்பக் கண்டுபிடிக்க முயன்றார். தோண்டியெடுத்த பழைய ஜாடிகளில் நான்கை ஃபிளாரன்ஸின் லொரென்ஸோ தெ மெதிச்சிக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். மெதிச்சிக் குடும்பத்தோடு தங்களுக்கு உறவு தொடங்கியதே அதனால்தான் என்று பேரனே தன் நூலில் எழுதுகிறார். அவர்களுக்கும் முன்னால், 1282-இல், ரெஸ்தோரோ என்ற அரெஸ்ஸோக்காரர் இந்த ஓடுகளைப் பற்றித் தனியே ஓர் அத்தியாயம் எழுதினார். ஓவியர்களும் சிற்பிகளும் இவற்றைப் பார்த்து மெய்மறந்து, மனிதக் கை இப்படிச் செய்யுமா என்று வியந்தார்கள் என்பது அவர் சொல்லும் செய்தி. மறுமலர்ச்சி என்று நாம் அழைக்கும் பெரிய விழிப்புக்கு இந்த உடைந்த ஓடுகளும் ஒரு தீப்பொறி தந்தன.

அப்படியிருந்தும் வசாரியின் வரிசையில் டைக்ரானஸுக்கோ கமூரியஸுக்கோ இடமில்லை. மேற்கத்தியக் கலை என்று உலகம் மனப்பாடம் செய்யும் பட்டியல் ஓவியனையும் சிற்பியையும் கட்டடக் கலைஞனையும் உள்ளே விட்டுக் குயவனை வாசலில் நிறுத்திவிட்டது. குயவர் குடும்பத்தில் பிறந்தவரே அந்தப் பட்டியலை எழுதினார் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தமிழில் கலை வரலாறு எழுதுகிற நமக்கு அந்தப் பட்டியலை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நம் மண்ணுக்கு நேரடியாக வந்து சேர்ந்த முதல் ஐரோப்பியக் கலைப் பெயர்கள் இந்தக் குயவர்களுடையவை. அவர்களிடமிருந்து தொடங்குவதே நியாயம்.

வீலரிடமும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். அவர் அரிக்கமேட்டை ரோமானியர் வந்து உண்டாக்கிய வணிகத்தலமாகவே பார்த்தார். உட்புறம் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு உருட்டிய மெல்லிய சாம்பல் நிறத் தட்டுகள் அங்கே ஏராளம். அவற்றையும் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்றே கருதினார். 1947 முதல் 1950 வரை தோண்டிய பிரெஞ்சுக்காரர் கசால், ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே மக்கள் குடியிருந்ததைக் காட்டினார். 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சார்பில் விமலா பெக்லியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே.வி. ராமனும் மீண்டும் தோண்டியபோது படம் தெளிவாயிற்று. அகஸ்டஸ் பிறப்பதற்கு முன்பே இது ஊர். ரோமானிய வணிகம் ஒடுங்கிய பின்னும் ஊர். சோழர் காலத்தில் சீனப் பீங்கான் வந்து இறங்கியபோதும் ஊர். புள்ளிக்கோட்டுத் தட்டுகள் இந்திய மண்ணில், இந்தியக் குயவர்கள் செய்தவை. யவனர் வந்தார்கள், மதுவும் தட்டும் கொண்டுவந்தார்கள், சிலர் தங்கவும் செய்தார்கள். ஊர் நம்முடையது.

யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டு பாண்டிய மன்னனுக்குப் பரிமாறச் சொல்கிறது. அந்தக் கலம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு அரிக்கமேட்டு ஆம்போரா ஓடுகளைவிடச் சிறந்த உரை இல்லை. கிரேக்கத்தின் காஸ் தீவு மது வந்த இரட்டைக் கைப்பிடி ஜாடிகள் அங்கே கிடைத்தவற்றில் முக்கியமானவை.

இன்னொரு விவரம். அரிக்கமேட்டு உள்ளூர்ப் பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் சுட்டபின் கூர்முனையால் கீறியவை. தமிழகத்தில் வேறு இடங்களில் கிடைத்தவற்றைப் போலவே, பானைக்கு உடையவரின் பெயர்களாகவே அவற்றைக் கொள்கிறார்கள். அரெஸ்ஸோத் தட்டில் இருப்பது செய்தவனின் பெயர், சுடும் முன்பே பதித்தது. நம் பானையில் இருப்பது வைத்திருந்தவனின் பெயர். அதை வனைந்த தமிழ்க் குயவனின் பெயர் எங்கும் இல்லை. இத்தாலியில் அடிமைக்குக் கிடைத்த அந்தச் சிறு இடம் இங்கே சுதந்திரமான கைவினைஞனுக்கும் கிடைக்கவில்லை. மணி கோத்தவர்களுக்கும் இல்லை, படிகத்தில் காதல் தேவனைச் செதுக்கியவருக்கும் இல்லை. நம் கலை வரலாற்றில் இந்தக் குறை பிறகும் நீண்டகாலம் தொடர்ந்தது. கோயில் கட்டிய அரசனின் பெயர் கல்வெட்டில் நிற்கும் அளவுக்குச் சிற்பியின் பெயர் நிற்கவில்லை.

இன்று அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில், இந்தியப் பட்டுப்பாதை இடங்களுள் ஒன்றாக 2010-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் ஆறு கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. மேட்டுக்கு வருபவர் நின்று பார்த்துப் புரிந்துகொள்ளும்படியான ஏற்பாடு போதாது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கின்றன. முதலில் அங்கே போங்கள், பிறகு மேட்டுக்குப் போங்கள். மேட்டில் ஓடு எதுவும் கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு வர வேண்டாம். கிடக்கும் இடத்தைவிட்டுப் பெயர்ந்த ஓடு காலம் சொல்லாது. நோணாங்குப்பம், அரியாங்குப்பம், வீராம்பட்டினம் பள்ளி ஆசிரியர்கள் மாணவர்களை ஒருநாள் அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மைக்கேலாஞ்சலோவின் பெயர் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தில் வந்துவிடும். கமூரியஸின் பெயரை நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

அடுத்த பகுதியில் ரவென்னாவின் வண்ணச்சில் சுவர்கள்.

(தொடரும்)